மேக்கில் வராத விளையாட்டு: ஒரு நண்பனுக்குக் கடிதம்

காந்தி நகர், காட்பாடி,
மார்கழி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, கட்டுப் பிரித்த அன்றே சுவரிலிருந்த நாள்காட்டியைத் தானாகப் படித்தார்கள் என்று நீ எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். கடையில் இரண்டு மாதமாக ஓயாத வேலை. அதன் காரணத்தைக் கீழே எழுதுகிறேன், ஏனென்றால் உன் மகள் கேட்ட கேள்விக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

ஆப்பிளின் புதிய மேக் கணினியில், விளையாட்டுகள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமை நிறுவி, கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைத் தேடி, அது அந்தக் கணினியில் இயங்காது என்று வந்ததும், "நீங்களும் மாமாவும் கடை போட்டு ஆட விட்ட விளையாட்டுத்தானே அப்பா, இதில் ஏன் வரவில்லை?" என்று அவள் கேட்டாளாம். அதற்கு உனக்குப் பதில் தெரியாமல் இல்லை. இருந்தும் என்னிடம் கேட்டிருக்கிறாய். 2013-இல், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் விளையாட்டுகளை எப்படிக் கொண்டுவருவது என்று நாம் இருவரும் தொலைபேசியில் ஒரு மணி நேரம் வாதிட்டு முடிக்காமல் விட்ட பேச்சுக்குத்தான் நீ என்னை மறுபடி அழைக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஊரீசு கல்லூரியை விட்டு வந்து, ஆபீசர்ஸ் லைன் பக்கத்தில் எட்டுக் கணினிகளோடு நாம் திறந்த நெட் சென்டரை நினைத்துப் பார். 2003 செப்டம்பரில் ஸ்டீம் வெளிவந்து, கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 அதோடு பிணைந்து வந்தபோது, தொலைபேசி இணைப்பில் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஒரு முழு இரவு பிடித்தது. ஒரு விளையாட்டைப் போடுவதற்கு இடையில் இப்படி ஒரு கடை எதற்கு என்று நீ சலித்துக்கொண்டாய். அன்றைய ஸ்டீம் விண்டோஸின் குழந்தை. கடைப் பக்கங்களைத் திரையில் காட்டுவதற்கும் விண்டோஸிலிருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் உள்ளுறுப்பையே அது நம்பியிருந்தது. 2010-இல், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் மேக்குக்கு வர முடிவு செய்தபோது முதலில் அதைக் கழற்றிவிட்டு வெப்கிட் என்ற வேறோர் உலாவிப் பொறியைப் பொருத்த வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மே 12-ஆம் தேதி மேக்கில் ஸ்டீம் வந்தது. போர்ட்டல் விளையாட்டைச் சில நாள் இலவசமாகக் கொடுத்தார்கள். ஓர் இயங்குதளத்தில் வாங்கிய விளையாட்டை மற்றொன்றில் மீண்டும் காசு கொடுக்காமல் ஆடலாம் என்ற ஏற்பாடும் அப்போதே தொடங்கியது. அந்த ஏற்பாட்டை நான் இன்றும் மெச்சுகிறேன்.

கடையைப் பெயர்த்து வைப்பது எளிது. சரக்கைப் பெயர்ப்பதுதான் கடினம். விண்டோஸுக்கு எழுதப்பட்ட விளையாட்டு, திரையில் காட்சியாகும் முக்கோணங்களை வரையச் சொல்வது மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி மொழியில். மேக்கிலும் லினக்ஸிலும் அன்று இருந்தது ஓப்பன்ஜிஎல் என்ற வேறொரு வரைகலை மொழி. அதோடு சிறு சிறு முட்களும் உண்டு. விண்டோஸில் கோப்புப் பெயரின் எழுத்து பெரியதா சிறியதா என்பது பொருட்டில்லை. லினக்ஸில் அது வேறு கோப்பு. பல ஆண்டுகளாக யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு பெரிய எழுத்தினால், போர்ட் செய்த, அதாவது வேறு இயங்குதளத்துக்கு மாற்றிய, விளையாட்டில் ஒரு சுவர் நிறமில்லாமல் நிற்கும். இப்படி ஆயிரம் இடங்களைத் தேடித் திருத்த ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும், அந்தச் சம்பளத்துக்கு ஈடாக லினக்ஸில் வாங்குவோர் வேண்டும். வாங்குவோர் இல்லாததால் விளையாட்டு வராது, விளையாட்டு வராததால் வாங்குவோர் வரமாட்டார்கள்.

2012 ஜூலையில் விண்டோஸ் 8-ஐ வால்வின் தலைவர் கேப் நியூவெல் பேரழிவு என்று வெளிப்படையாகச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் தன் கடையைத் திறந்தபோது, அடுத்தவர் நிலத்தில் கடை வைத்திருப்பவருக்கு வரும் அச்சம் அவருக்கும் வந்தது. அடுத்த மாதமே லெஃப்ட் ஃபோர் டெட் 2 என்ற தங்கள் விளையாட்டை உபுண்டு 12.04 என்ற லினக்ஸ் வகையில் ஓட்டிப் பார்த்த கணக்கை வெளியிட்டார்கள்: முதலில் விநாடிக்கு 6 படச்சட்டங்கள் (ஃபிரேம்) ஓடியது, திருத்தித் திருத்தி 315-க்கு வந்தது, அதே கணினியில் விண்டோஸில் 270.6. அந்த எண்களைப் படித்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு உன்னை எழுப்பியவன் நான். 2013 பிப்ரவரி 14-இல் லினக்ஸ் ஸ்டீம் முறையாக வெளிவந்தது.

அன்று உன் கட்சி என்ன? ஒவ்வொரு விளையாட்டையும் லினக்ஸுக்கென்றே எழுத வேண்டும், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் போன்ற இடைமொழிபெயர்ப்பு கூடாது என்றாய். ஐபிஎம்மின் ஓஎஸ்/2 என்ற பழைய இயங்குதளத்தை எடுத்துக்காட்டினாய்: அது விண்டோஸ் நிரல்களை நன்றாகவே ஓட்டியது, அதனாலேயே ஓஎஸ்/2-க்கென்று எழுத யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று என்று வாதிட்டாய். நானும் முக்கால் பங்கு ஒத்துக்கொண்டேன். இன்று அந்த முக்கால் பங்கிலிருந்து விலகி நிற்கிறேன். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நாம் கொண்டாடிய அந்த 315-க்குள்ளேயே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். டைரக்ட்3டி கட்டளைகளை ஓப்பன்ஜிஎல்லாக மாற்றும் அடுக்கு ஒன்றை வால்வ் தன் விளையாட்டுகளுக்குள்ளேயே வைத்திருந்தது. 2014-இல் அதன் மூலநிரலையும் வெளியிட்டது. லினக்ஸுக்கென்றே எழுதியது என்று நாம் நினைத்ததில் பாதி, உள்ளே மறைத்து வைத்த மொழிபெயர்ப்பு.

இரண்டாவது, அடுத்து வந்த ஆண்டுகள். 2015 நவம்பரில் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் என்ற விளையாட்டுக் கணினிகள் விற்பனைக்கு வந்தன. லினக்ஸில் ஓடும் விளையாட்டுகள் போதாமல் அவை எடுபடவில்லை. தயாரிப்பாளர்களைக் கெஞ்சிக் கொண்டிருந்தால் ஆகாது என்று வால்வ் புரிந்துகொண்டது அப்போதுதான் என்பது என் கணிப்பு. 2018 ஆகஸ்டில், விண்டோஸ் விளையாட்டுகளை அப்படியே லினக்ஸில் ஓட்ட அவர்கள் வெளியிட்ட புரோட்டான், 1993 முதல் வளர்ந்துவரும் வைனை அடிப்படையாகக் கொண்டு, கோட்வீவர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. அதற்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே என்ற பகுதியின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும்: நியர் ஆட்டோமேட்டா என்ற ஒரு விளையாட்டை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையில் பிலிப் ரெபோலே என்பவர் டைரக்ட்3டி 11-ஐ வல்கன் என்ற புதிய வரைகலை மொழிக்கு மாற்றும் நிரலை எழுதத் தொடங்கினார், வால்வ் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஓர் ஆளின் ஆசைக்கு ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்ததால் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளுக்கு வழி திறந்தது.

கடைக்கு வரும் மாணவர்களுக்கு இதை விளக்க நான் ஆற்காட்டு நவாப் காலத்துத் துபாஷியை, அதாவது இரு மொழி தெரிந்த இடையாளை, சொல்வேன். விளையாட்டு விண்டோஸிடம் பேசுவதாக நினைத்து, "இந்தக் கோப்பைத் திற, இந்தச் சாளரத்தை வை, இத்தனை முக்கோணத்தை வரை" என்று கேட்கிறது; இடையில் நிற்கும் துபாஷி அதை லினக்ஸின் மொழியில் கேட்டு வாங்கித் தருகிறார். செயலிக்கான கட்டளைகள் இரண்டிலும் ஒன்றே என்பதால் அவற்றை மாற்றும் வேலை இல்லை. அவை நேரே ஓடுகின்றன, அதனால்தான் வேகம் அதிகம் குறைவதில்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தனிக் கோப்புறை, அதற்குள் ஒரு பொய்யான சி டிரைவ். அதைத் திறந்து காட்டினால் பிள்ளைகள் கண்ணை விரித்துப் பார்ப்பார்கள். துபாஷியால் ஆகாத இடத்தில் லினக்ஸின் கருவையே (கெர்னல்) மாற்றினார்கள் என்பது இன்னும் பெரிய செய்தி: விண்டோஸ் விளையாட்டுகள் ஒரே நேரத்தில் பல நிகழ்வுகளுக்குக் காத்திருக்கும் முறைக்கு ஏற்ற ஒரு புதிய அழைப்பு, 2022 ஜனவரியில் வந்த 5.16 பதிப்பில் சேர்க்கப்பட்டது. 27 விளையாட்டுகளைச் சரிபார்த்துத் தொடங்கிய புரோட்டான் ஏற்பாடு, அதே 2022-இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியாகவே வந்து நின்றது.

இப்போது மேக்குக்கு வருகிறேன். அங்கே நடந்தது நம் வாதத்துக்கே நேரான சாட்சி. மேக்குக்கென்றே முறையாகப் போர்ட் செய்த விளையாட்டுகள் எத்தனையோ இருந்தன. 2018-இல் ஆப்பிள் ஓப்பன்ஜிஎல்லைக் கைவிடப்போவதாக அறிவித்தது, வல்கனையும் ஏற்கவில்லை, தன் சொந்த வரைகலை மொழியான மெட்டலை மட்டும் வைத்துக்கொண்டது. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு பழைய 32-பிட் நிரல்களை ஒரேயடியாக நிறுத்தியது. போர்ட் செய்து கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. வாங்கியவர்களின் பட்டியலில் பெயர் மட்டும் இருந்தது, விளையாட்டு திறக்கவில்லை. 2023 செப்டம்பரில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோது வால்வே மேக்கை விட்டுவிட்டது. மகளின் கேள்விக்கு நேரான பதில் இதுதான். கடையைத் திறந்தவர்களே தங்கள் சொந்தச் சரக்கை அங்கே கொண்டுபோகவில்லை. அதே விளையாட்டு லினக்ஸில் வல்கனைக் கொண்டு, துபாஷி இல்லாமல், நேரடியாகவே ஓடுகிறது. ஏனென்றால் அதைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறார்கள்.

ஆகவே, நேரடியாக எழுதியதா, மொழிபெயர்த்ததா என்பதை வைத்து நாம் வாதிட்டதே தவறு என்று எனக்குப் படுகிறது. எழுதிவிட்டுப் போனபின் யார் உடனிருந்து பராமரிக்கிறார்கள் என்பதைத்தான் கேட்டிருக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு முன் லினக்ஸுக்கென்றே வந்த சில விளையாட்டுகளை இன்று ஓட்டிப் பார்த்தால் ஒலி வராது அல்லது பாதியில் நிற்கும். அதே விளையாட்டின் விண்டோஸ் பதிப்பைப் புரோட்டானில் போட்டால் சரியாக ஓடுகிறது. கடையில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

உன் ஓஎஸ்/2 வாதத்தில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது, அதை மறைக்க மாட்டேன். லினக்ஸுக்கென்று புதிதாக எழுதுவோர் குறைந்துவிட்டார்கள். புரோட்டானில் ஓடினால் போதும் என்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் வகுத்த மொழியையே நாம் என்றென்றும் பின்தொடர வேண்டியிருக்கிறது. இதைவிட வலிக்கும் குறை, ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள்கள். ஈசி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021-லேயே புரோட்டானுக்கு வழிவிட்டன. ஆனால் அதைத் திறந்துவிடுவது ஒவ்வொரு தயாரிப்பாளரின் விருப்பம். ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 இறுதியில் லினக்ஸ் ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்தியது. இங்கே கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் வலோரன்ட் விண்டோஸின் கருவுக்குள்ளேயே காவலாளியை உட்கார வைப்பதால் எந்தத் துபாஷியும் அங்கே உதவ முடியாது. அதைக் கேட்டு வருபவர்களை நான் லினக்ஸுக்கு மாற்றுவதில்லை.

கடை வேலையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் கேட்கிறது. குடியாத்தத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நன்றாக ஓடும் இயந்திரத்தை எடைக்குப் போடுவதா என்று கேட்கிறார்கள். முன்பு அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. அரசு நிறுவனமான சென்னை சி-டாக் செய்த நல்ல முயற்சி அது. ஆனால் என்னிடம் வந்த மாணவர்களில் பெரும்பாலோர் கேட்ட முதல் கேள்வி, "இதில் கேம் வருமா அண்ணா?" என்பதுதான். வராது என்றதும் அதை அழித்து விண்டோஸை மட்டும் வைக்கச் சொன்னார்கள், நானும் என் கையாலேயே அழித்துக் கொடுத்தேன். இப்போது அதே கேள்விக்குப் பெரும்பாலும் வரும் என்று சொல்ல முடிகிறது. லினக்ஸ் மின்ட் நிறுவி, ஸ்டீமைப் போட்டு, அவர்கள் வாங்கிய விளையாட்டை அவர்கள் கண் முன்னே திறந்து காட்டிய பிறகுதான் கணினியைக் கையில் கொடுக்கிறேன். இந்த இரண்டு மாதத்தில் மனத்துக்கு நிறைவு தந்த வேலை இது.

மகளின் மேக்கை விற்க வேண்டாம். படிப்புக்கு அது நல்ல கருவி. அவள் வாங்கிய விளையாட்டுகள் அவளுடைய ஸ்டீம் கணக்கில்தான் இருக்கின்றன. எந்தக் கணினியில் உள்ளே நுழைந்தாலும் பட்டியல் அங்கே வரும். என்னிடம் ஏழாம் தலைமுறை ஐ5 கணினி ஒன்று இருக்கிறது. உரிமையாளர் புதியது வாங்கிக்கொண்டு இதை என்னிடமே விட்டுப் போனார். ஜிடிஎக்ஸ் 1050 கார்டு போட்டு, மின்ட் நிறுவி, நேற்றிரவு கவுண்டர் ஸ்ட்ரைக் 2-ஐ ஓட்டிப் பார்த்தேன். அமைப்புகளைக் குறைத்து வைத்தால் தடங்கலில்லாமல் ஓடுகிறது. பழைய டஸ்ட்2 களத்தில் நம் கடையின் மூன்றாம் எண் கணினியில் நீ ஒளிந்து நிற்கும் அந்த மூலை இன்னும் அப்படியே இருக்கிறது.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறாய். கணினியைக் கட்டி வைத்திருக்கிறேன், போகும்போது காரில் ஏற்றிக்கொள்ளலாம். ஸ்டீம் கணக்கின் கடவுச்சொல்லை மகள் நினைவில் வைத்துக்கொண்டு வரட்டும்; உள்ளே நுழையும்போது கைபேசிக்குக் குறியீடு வரும், அந்தக் கைபேசியையும் மறக்காமல் கொண்டுவரச் சொல். தங்கைக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைத் தெரிவி.

உன் அன்பு நண்பன்