சூடானால் நின்றுவிடும் சத்தம் சரியான சத்தமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் வார்ப்பிரும்பு எக்சாஸ்ட் மேனிஃபோல்டை (எஞ்சினின் புகையைத் திரட்டி வெளியே அனுப்பும் பகுதி) எடுத்துவிட்டு வெளிச்சந்தை ஹெட்டர் (சிலிண்டருக்கு ஒரு தனிக்குழாய் கொண்ட அமைப்பு) மாட்டுவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். எந்தக் குழாய் எவ்வளவு குதிரைத்திறன் கூட்டும் என்பதற்கு முக்கால் பக்கம். மாட்டும் வேலைக்கு நான்கே வரி: பழையதைக் கழற்று, சிலிக்கான் பசை தடவு, புதியதை வை, இறுக்கு. "முதலில் டிக் டிக் என்று கேட்கும், எஞ்சின் சூடானதும் நின்றுவிடும்" என்று முடிவில் ஓர் ஆறுதல் வேறு. எங்கள் மறுப்பு அந்த நான்கு வரிக்கும் அந்த ஆறுதலுக்கும்தான்.

அந்த டிக் டிக், எஞ்சினும் ஹெட்டரும் சேரும் இடத்தில் புகை கசியும் சத்தம். அது நிற்பதற்குக் காரணம், சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி ஒடுங்குவது. லீக் அங்கேயேதான் இருக்கிறது. மறுநாள் காலை திரும்பவும் கேட்கும். ஒவ்வொரு நாளும் அந்த இடைவெளி வழியாகப் பாயும் சூடான புகை பேக்கிங்கை (இரண்டு உலோக முகங்களுக்கு இடையே வைக்கும் அடைப்புத் தகடு) அரித்துக்கொண்டே போகும். சில வாரங்களில் சூடான பிறகும் சத்தம் நிற்காது.

புகை வெளியே வருவது பாதிக் கதை. சிலிண்டரிலிருந்து புகையை வெளியே விடும் எக்சாஸ்ட் வால்வு திறந்ததும் அழுத்த அலை ஒன்று குழாயில் ஓடுகிறது. அதன் பின்னாலேயே வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே ஓர் இறக்கம் வருகிறது. ஹெட்டர் வாங்குவதே இந்த இறக்கத்துக்காகத்தான். அடுத்த சிலிண்டரின் புகையை அது உறிஞ்சி இழுக்க வேண்டும். லீக் இருந்தால் அதே உறிஞ்சல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும், எஞ்சினின் கணினியான இசியூவும் நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவில் இசியூ செய்யும் திருத்தம், கூட்டல் 10, 15 சதவீதம் என்று ஏறும். பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171 என்ற பிழைக் கோடும் வரலாம். உண்மையில் எஞ்சின் அதிகப் பெட்ரோலில் மூழ்கிக்கொண்டிருக்கும். இதைத் தெரியாமல் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரையும் ஏர் சென்சாரையும் மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு.

இனி வேலைக்கு வருவோம். பழைய நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். கழற்றும்போது நட்டு இறுகிப் பிடித்தால் பலம் காட்டக் கூடாது. கால் சுற்று இறுக்கி அரைச் சுற்று தளர்த்தி, எண்ணெய் விட்டு, மீண்டும் அதையே செய்ய வேண்டும். ஸ்டட் (எஞ்சினில் பதிந்திருக்கும், நட்டு ஏறும் மரையுள்ள கம்பி) முறிந்துபோய்க் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் செய்து, சூடு ஆறிவரும்போது திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். வெல்டிங் சூடுதான் அங்கே பாதி வேலையைச் செய்கிறது. உள்ளேயே முறிந்திருந்தால் நேர் மையத்தில் துளையிட வேண்டும். ஸ்டட் பதிந்திருக்கும் அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), ஸ்டட்டை விட மென்மையானது என்பதால் டிரில் பிட் ஹெட் பக்கமே சறுக்கும். கை நடுக்கம் உள்ளவர் அந்த வேலையை லேத் பட்டறைக்கு விட்டுவிடலாம். மரையைச் சுத்தம் செய்ய மரை சுத்தம் செய்யும் கருவிதான் வேண்டும். புது மரை வெட்டும் டேப்பைப் போட்டால் இருக்கிற மரையும் இளைத்துவிடும். சில எஞ்சின்களில் ஸ்டட் துளை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடும் அறை வரை போகும். ஸ்டட்டை எடுத்ததும் தண்ணீர் கசிந்தால் பதற வேண்டாம். அந்த ஸ்டட்டுக்குக் கசிவை அடைக்கும் மரைப் பசை போட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும்.

கட்டுரை ஒரு சொல்கூடச் சொல்லாத விஷயம் ஃப்ளாஞ்சின், அதாவது ஹெட்டோடு பொருந்தும் ஹெட்டர் தகட்டின், சமதளம். லீக்குகளின் தாய்வீடு அதுதான். 8 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள தகட்டில் நான்கு குழாய்களைச் சுற்றிச் சுற்றி வெல்ட் செய்தால் தகடு வளையாமல் என்ன செய்யும்? பெட்டியைப் பிரித்ததும் ஒரு நேர்சட்டத்தை ஃப்ளாஞ்சின் நீளவாக்கில் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு நுழையவில்லை என்றால் நல்ல ஃப்ளாஞ்ச். 0.25 வரை கிராஃபைட் பேக்கிங் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் மெஷினில் கொடுத்து முகத்தைச் சமமாகச் சீவி எடுக்க வேண்டும். போல்ட் போட்டு இழுத்தால் உட்கார்ந்துவிடும் என்று நினைப்பது வீண். குளிரில் உட்கார்ந்த தகடு சூட்டில் தன் வளைவுக்கே திரும்பிவிடும். ஹெட்டின் முகத்தையும் இதே சட்டத்தால் பார்த்துவிட வேண்டும். ஓட்டைகளின் உள்விளிம்பை விரலால் தடவுங்கள். வெல்ட் மேடு பேக்கிங் முகத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால், முடி அளவு மேடானாலும் அதைச் சுற்றி லீக் வரும். தட்டையான அரத்தால் ராவிவிட வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 17 மைக்ரான் விரியும். 400 மி.மீ. நீள ஃப்ளாஞ்ச் 300 டிகிரி சூடேறினால் 2 மி.மீ. நீளும். பக்கத்தில் இருக்கும் அலுமினிய ஹெட் அதைவிட அதிகம் விரியும் உலோகம்தான். ஆனால் கூலன்ட் அதைக் குளிரவைப்பதால் அது 0.6 மி.மீ. அளவே நீளும். மிச்சமுள்ள 1.4 மி.மீ. இரண்டு முனைகளுக்கும் பங்காகிறது. அதாவது ஒவ்வொரு முனையும் ஏறக்குறைய 0.7 மி.மீ. நகர்ந்தாக வேண்டும். நடுத் துளை ஸ்டட்டோடு நெருக்கமாக இருக்கலாம். முனைத் துளைகள் 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 9.5 மி.மீ. அளவாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி ஸ்டட்டுகள்தான் முறியும். எப்போதும் ஓரத்து ஸ்டட்டே ஏன் முறிகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

பேக்கிங்கின் ஓட்டை, ஹெட்டில் புகை வெளிவரும் துளையான போர்ட்டை விடச் சுற்றிலும் ஒரு மி.மீ. பெரிதாக இருப்பது நல்லது. சிறிதாக இருந்தால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி எரிந்து, அங்கிருந்துதான் பிளவு தொடங்கும். பல அடுக்கு எஃகு பேக்கிங்குக்கு வழவழப்பான முகம் வேண்டும். கொஞ்சம் சொரசொரப்பான முகமென்றால் கிராஃபைட். சிலிக்கான் பசை விஷயத்துக்கு வருகிறோம். சூடு தாங்கும் என்று விற்கும் ரகங்களே 350 டிகிரியைச் சுற்றித்தான் தாக்குப்பிடிக்கும். போர்ட்டிலிருந்து வெளிவரும் புகையோ பாரம் ஏறும்போது 800 டிகிரியைத் தொடும். பசை கருகி உதிர்ந்த இடமெல்லாம் லீக்குக்கு வாசல். போதாக்குறைக்கு, சென்சாருக்கு ஆகாத சிலிக்கானின் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். நல்ல பேக்கிங் இரண்டு பக்கமும் காய்ந்த நிலையிலேயே உட்கார வேண்டும்.

மாட்டும்போது எல்லா நட்டுகளையும் விரலால் மட்டும் ஏற்றி, கலெக்டர் (குழாய்கள் ஒன்றுசேரும் இடம்), நடுக்குழாய், ரப்பர் தொங்கல்கள் எல்லாவற்றையும் தொளதொளவென்று கோத்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஹெட் பக்கத்தில் தொடங்கி வால் பக்கம் போக வேண்டும். பின்குழாயை முதலில் இறுக்கிவிட்டு ஃப்ளாஞ்சை இழுத்துப் பொருத்தினால், அந்த இழுவிசை குழாய்க்குள் தேங்கி நிற்கும். பிறகு அது வெல்டில் விரிசலாக வெளிப்படும். இறுக்குவது நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும், மூன்று சுற்றில். எஞ்சின் கையேட்டில் 25 நியூட்டன் மீட்டர் என்றிருந்தால் 10, 18, 25. எட்டு மி.மீ. மரைக்கு 20 முதல் 25 என்பதே வழக்கமான அளவு. ஹெட்டரோடு தனிக் குறிப்பு வந்திருந்தால் அதைப் பின்பற்ற வேண்டும். மரையில் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) தடவினால் உராய்வு குறையும், அதே முறுக்குக்கு ஸ்டட் அதிகமாக இழுபடும். ஆகவே கையேட்டு அளவு உலர்ந்த மரைக்கானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நீல நிற மரைப் பூட்டுப் பசை 150 டிகிரியிலேயே கைவிட்டுவிடும். எக்சாஸ்டில் அதற்கு வேலையில்லை.

குழாய்க்கும் ஸ்டீயரிங் தண்டு, பிரேக் குழாய், ஸ்டார்ட்டர் ஒயருக்கும் இடையே விரல் நுழையும் இடமாவது வேண்டும். எஞ்சின் ஆடும்போது அந்த இடம் இன்னும் குறையும். ஆக்சிஜன் சென்சாரை ஒயர் பிளக்கைப் பிரித்துவிட்டுத் திருப்ப வேண்டும், ஒயரோடு சேர்த்து முறுக்கக் கூடாது. ஸ்டெயின்லெஸ் குழாயை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்பிரிட்டால் துடைத்துவிட வேண்டும். கைரேகை சூட்டில் வெந்து நிரந்தரக் கறையாகிவிடும்.

முதல் ஓட்டத்தில் 15 நிமிடம் சூடேற்றி, முழுவதும் ஆறவிட்டு, மறுபடி அதே வரிசையில் முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். கிராஃபைட் பேக்கிங் முதல் சூட்டில் அமுங்கும் என்பதால் நட்டுகள் கொஞ்சம் திரும்பும். 100 கி.மீ. கழித்து இன்னொரு முறை. சூடாக இருக்கும்போது இறுக்கவே கூடாது. மரையோடு வந்துவிடும்.

லீக் தேடும் கலையைக் கட்டுரை தொடவே இல்லை. முதலில், கேட்பது லீக்கா, வால்வைத் தள்ளும் டேப்பெட்டா என்று பிரிக்க வேண்டும். வேகத்தை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டுமே கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு தடவை அடிக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டர் பிளக்கையும் சில நொடி பிடுங்கிப் பாருங்கள். எரிப்பு நின்ற சிலிண்டரிலிருந்து வலுவான அழுத்த அலை வராது, ஆகவே லீக் சத்தம் அடங்கிவிடும். டேப்பெட் சத்தம் அப்படியே தொடரும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பிடுங்கக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். சரியாக இறுகாத ஸ்பார்க் பிளக்கும் இதே டிக் சத்தத்தைத் தரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க எஞ்சின் ஓடவே வேண்டாம். ஆறிய வண்டியின் வால்குழாயில் வாக்யூம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தைத் துணி சுற்றிச் செருகி ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். லீக் உள்ள இடத்தில் நுரை மொட்டு மொட்டாகக் கிளம்பும். கம்ப்ரஸர் காற்று வேண்டாம், அந்த அழுத்தம் இதற்குத் தேவையில்லை. ஏர் ஃபில்டர் பக்கம் புஸ்ஸென்று கேட்டால் பயப்பட வேண்டாம். இரண்டு வால்வும் சற்றே திறந்த நிலையில் ஏதோ ஒரு சிலிண்டர் நின்றிருக்கும். கிராங்கைக் கொஞ்சம் திருப்பிவிட்டுத் தொடரலாம்.

ஓடவிட்டுத்தான் கேட்க வேண்டுமென்றால் அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இணைப்புகளின் ஓரமாக நகர்த்துங்கள். குழாய்க்குள் சொடுக்குவது போலக் கேட்கும் இடம்தான் லீக். சில நாள் ஓடிய வண்டியில் ஃப்ளாஞ்ச் ஓரத்தில் விசிறி போலப் பரவிய கருமை, புகைக்கரி, தானே காட்டிக்கொடுக்கும். ஃப்ளாஞ்ச் சுத்தமாக இருந்தும் சத்தம் கேட்டால் குழாய் ஃப்ளாஞ்சைச் சேரும் வெல்டின் ஓரத்தைப் பாருங்கள். மயிரிழை விரிசல் அங்கேதான் விழும். அதை மேலே மேலே வெல்ட் செய்தால் பக்கத்தில் விரியும். விரிசலின் இரண்டு முனைகளிலும் சிறு துளையிட்டுத் தடுத்து, பள்ளம் எடுத்து, பிறகு வெல்ட் செய்ய வேண்டும். அதோடு எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டையும் பின்னால் வளையும் குழாய் இருக்கிறதா என்பதையும் பார்க்காமல் விட்டால் அதே விரிசல் திரும்ப வரும்.

எஞ்சின் அறையில் லீக் ஆகும் புகை, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் திறப்பு வழியாகக் காருக்குள் வரும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. டிக் சத்தத்தோடு காரில் ஏறியதும் தலைவலி வந்தால், ஜன்னலை இறக்கிவிட்டு, லீக் அடைபடும் வரை ஓட்டாமல் இருக்க வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு மாட்டும் ஹெட்டர்கள் பல நாடுகளில் சாலையில் ஓட்டச் சட்டவிரோதம் என்பதையும் கட்டுரை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

கட்டுரையை மறுபடி வெளியிடும் எண்ணம் இருந்தால், சிலிக்கான் பசை வரியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் நேர்சட்டத்தையும் ஃபீலர் கேஜையும் சேர்த்துவிடும்படிக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எக்சாஸ்ட் வேலை செய்யும் மெக்கானிக்குகள்