குறிக்கோளிலிருந்து வடிவமைப்புக்கு: சனிக்கிழமைக்கு முன் படித்துவிட்டு வாருங்கள்

வணக்கம். சனிக்கிழமை அல்சூரில் கூடும்போது நொடிக்கு 400 கிகாபிட் வேக ஈதர்நெட்டை (ஐஇஇஇ 802.3 குழுவின் 802.3பிஎஸ் தரநிலை, 2017) எடுத்துக்கொள்கிறோம். குழு முதலில் எட்ட வேண்டிய குறிக்கோள்களைப் பட்டியலிடும்; வடிவமைப்பு அதற்குப் பிறகுதான்.

அந்தப் பட்டியலில் தூரம், வேகம், பிழை விகிதம் போன்றவை இருக்கும். எத்தனை லேன் (தரவு இணையாகச் செல்லும் தடம்), எந்த மாடுலேஷன் (பிட்டுகளைச் சிக்னலில் ஏற்றும் முறை) என்று இருக்காது. அதையும் அங்கேயே எழுத நினைப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

500 மீட்டருக்கு நாலு ஜோடி ஃபைபர், ஜோடிக்கு 100 கிகாபிட். 2 கிலோமீட்டருக்கு ஒரே ஜோடி, எட்டு அலைநீளம். தூரம் கூடினால் ஃபைபர் செலவு ஏறும், அதனால்தான்.

500 மீட்டர் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட மொத்த ஒளி இழப்பு 3 டெசிபல். கிலோமீட்டருக்கு 0.5 என்றால் ஃபைபர் தின்பது வெறும் 0.25, மீதி 2.75 முழுக்க கனெக்டருக்கும் ஸ்பிளைஸுக்கும் (ஃபைபர்களை ஒட்டும் இணைப்பு). இதை மறந்தால் ஆய்வகத்தில் ஓடும் லிங்க் டேட்டா சென்டரில் விழும்.

பிழை விகிதக் குறிக்கோள்: 10 லட்சம் கோடி பிட்டுக்கு ஒன்று. பேம்4 (நான்கு சிக்னல் அளவுகளால் ஒரே நேரத்தில் இரண்டு பிட் அனுப்பும் மாடுலேஷன்) தனியாக அதை எட்டாது. அதனால் ரீட்-சாலமன் (544, 514) என்ற பிழைதிருத்தக் குறியீடு கட்டாயமானது: 514 சிம்பல் (பிட் தொகுதி) தரவோடு கூடுதல் சிம்பல்கள் சேர்ந்து 544 சிம்பல் கொண்ட ஒரு கோட்வேர்டு ஆகும். ஒரு கோட்வேர்டில் 15 சிம்பல் வரை திருத்தும்.

802.3 குழுவில் தொழில்நுட்பத் தீர்மானம் நிறைவேற 75 சதவீத ஆதரவு வேண்டும். எனவே எண்களோடு வாருங்கள்.