செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பெட்டி ஒட்டும் கம்ப்யூட்டர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, கோவில்பட்டி வெயிலில் மாடிப்படி ஏறி வந்திருக்கும் சங்கத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடியச் சங்கம் செய்ததையும், செய்யப்போவதாகச் சொல்லிவிட்டுச் செய்யாததையும் இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் 'பல்லி வகைச் செலவு' என்று ஒரு வரி வரும். அதற்கான விளக்கம் மட்டும் என் அறிக்கையில் இருக்கிறது.

இந்த ஆண்டு புதியவர்கள் சிலர் சேர்ந்திருப்பதால், நாம் என்ன செய்கிறோம் என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஓர் ஆராய்ச்சிக் கூடத்திடம் மலை போலக் கணக்கு கிடக்கிறது. போட்டு முடிக்க அவர்களிடம் இருக்கிற மெஷின் பத்தாது. அதைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி இன்டர்நெட் வழியே ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்புகிறார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு துண்டை வாங்கி, போட்டு முடித்து, விடையை அனுப்பிவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளின் பெயர் பாய்ங்க். பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2002இல் அதை எழுதத் தொடங்கினார்கள். போயிங் விமானக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போன ஆண்டு அறிக்கையிலும் இதைச் சொல்லியிருந்தேன். தீப்பெட்டி ஆபீசிலிருந்து சரக்கு வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக் கொடுத்த ஊர் இது. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஆண்டின் முதல் நிகழ்ச்சி, வேற்றுக்கிரகவாசிகளின் சிக்னல் ஏதும் வருகிறதா என்று தேடிய செட்டி அட் ஹோம் திட்டத்தின் வெள்ளி விழா. 1999 மே 17இல் பெர்க்லியில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு 2024 மே மாதம் 25 ஆண்டு நிறைந்தது. அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்திய நம் மூத்த உறுப்பினர் பேசினார். போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி வானத்தில் கேட்டதையெல்லாம் டேப்பில் பதிந்து, அந்த டேப்புகளைத் தபாலில் பெர்க்லிக்கு அனுப்புவார்களாம். அங்கே அதை நறுக்கி நமக்கு அனுப்புவார்கள். ஒரு துண்டு என்பது 107 விநாடிப் பதிவு, சுமார் 0.35 எம்பி. டயல்-அப்பில் அதை இறக்குவதற்கே நிமிடக் கணக்காகும். அண்ணாச்சி கடை மெஷின் அதைப் போட்டு முடிக்க ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஸ்கிரீனில் கலர் கலராக மலையும் பள்ளமுமாக ஓடியதைப் பார்த்து ஒரு வாடிக்கையாளர் இது என்ன என்று கேட்க, இவர் "செட்டி அட் ஹோம்" என்றிருக்கிறார். "எந்தச் செட்டி வீடு?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

அந்தத் திட்டம் 2020 மார்ச் 31உடன் புதுத் துண்டு அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 1இல் அரெசிபோ தொலைநோக்கியே இடிந்து விழுந்தது. கூட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர், "அத்தனை வருஷம் ஓட்டுனதுல உங்களுக்கு என்ன கிடைச்சுது அண்ணாச்சி?" என்று கேட்டார். "கரண்ட் பில்லு" என்றார் அண்ணாச்சி. கூட்டம் சிரித்தது. அந்தப் பதில்தான் ஆண்டு முழுக்க நம்மைத் துரத்தப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நிகழ்ச்சி நடத்தினோம். இந்த ஆண்டில் எனக்கு மிகப் பிடித்த நாள் அது. கம்ப்யூட்டர் எதையும் எடுத்துப் போகவில்லை. கரும்பலகையில் 2047 என்று எழுதினோம். 2ஐப் பதினொரு தடவை போட்டுப் பெருக்கி ஒன்று கழித்தால் வரும் எண். இது பகா எண்ணா, இல்லையா? இதற்கு 45 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மொத்தம் 14 எண். பதினான்கையும் துண்டுச் சீட்டில் எழுதி, ஒவ்வொரு எண்ணையும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்தோம். 28 பிள்ளைகள், 28 சீட்டு. பல்கலைக்கழகத் தேர்வுத்தாளை இரண்டு பேர் திருத்துவது மாதிரிதான். விண்மீன் தேடும் ஐன்ஸ்டீன் அட் ஹோம் திட்டத்திலும் இதே முறைதான். முகம் தெரியாத இரண்டு பேர் மெஷினும் ஒரே விடை சொன்னால்தான் ஒப்புக்கொள்வார்கள்.

2 வந்த பிள்ளைகள் சீட்டைப் பார்த்ததுமே கையைத் தூக்கிவிட்டார்கள். 43 வந்தவள் நகத்தைக் கடித்துக்கொண்டு வகுத்துக்கொண்டிருந்தாள். 19 வந்த பையன் எழுந்து, "மீதியில்லாம வகுபடுது சார்" என்றான். பின் பெஞ்சில் அதே 19ஐ வைத்திருந்த பெண், "மீதி 14" என்றாள். இரண்டும் ஒத்துப்போகாததால் அதே சீட்டை மூன்றாவதாக ஒரு பிள்ளையிடம் கொடுத்தோம். மீதி 14தான். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் புரிந்திருக்காத சங்கதி, துண்டு கொடுத்து விடை வாங்கும் சர்வர் ஏன் யாரையும் நம்புவதில்லை என்பது, அந்த ஒரு நிமிடத்தில் வகுப்புக்கே புரிந்துவிட்டது. கடைசியில் 23 வைத்திருந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்: 23 பெருக்கல் 89.

கைதட்டல் அடங்கியதும் அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர் என்னைத் தனியே அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார்: "சார், இந்த மாதிரி எண்ணுக்கு வகுத்தி இருந்தா அது 22இன் மடங்கைவிட ஒண்ணு கூடுதலாத்தான் இருக்கும். 45க்குள்ள அப்படி இருக்கிற பகா எண் 23 ஒண்ணுதான். 28 பிள்ளைங்களைப் படுத்தியிருக்க வேண்டாம்." உண்மை. இதே வடிவத்தில் வரும் பகா எண்களை, அதாவது மெர்சென் பகா எண்களை, நம்மைப் போன்றவர்களின் மெஷின்களைக் கொண்டு தேடும் கிம்ப்ஸ் திட்டமும் இந்த விதியை வைத்துத்தான் பெரும்பாலான வகுத்திகளைத் தொடாமலே தள்ளிவிடுகிறது. ஆள் பலத்தைக் காட்டப் போன இடத்தில் ஒற்றைச் சூத்திரம் நம்மை மடக்கிவிட்டது. டீச்சரை உறுப்பினராகச் சேரும்படி கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்டோபரில் இரண்டு செய்திகள் வந்து சங்கத்தின் வாட்ஸ்அப் குழு ஒரு வாரம் தூங்கவில்லை.

முதலாவது கிம்ப்ஸ். ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய தேடல் அது. 2ஐ 13,62,79,841 தடவை போட்டுப் பெருக்கி ஒன்று கழித்தால் வருவது பகா எண் என்று அக்டோபர் 21இல் அறிவித்தார்கள். 4,10,24,320 இலக்கம். பக்கத்துக்கு 4,000 இலக்கம் வீதம் அச்சடித்தாலும் 10,000 பக்கம் தாண்டும். கண்டுபிடித்தவர் லூக் டுரான்ட். முன்பு என்விடியாவில் வேலை பார்த்தவர். 17 நாடுகளில் இருக்கும் டேட்டா சென்டர்களில் கிராபிக்ஸ் சிப்புகளை வாடகைக்கு எடுத்து ஓட்டியிருக்கிறார். 28 ஆண்டுகளாகச் சாதாரணக் கம்ப்யூட்டர்களே பிடித்துவந்த பரிசு இந்த முறை கை மாறிவிட்டது. "இனி நம்ம டப்பாவுக்கு அங்க என்ன வேலை?" என்று பொருளாளர் கேட்டார். அப்போது நான் பதில் சொல்லவில்லை.

கிம்ப்ஸ் பற்றி இன்னொன்று, எனக்காகச் சொல்லிக்கொள்கிறேன். 2015 செப்டம்பர் 17இல் ஒரு மெஷின் பகா எண்ணைக் கண்டுபிடித்துச் சர்வருக்குச் சொல்லியும்விட்டது. 2016 ஜனவரி 7 வரை ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. மனிதக் கண்ணில் பட்ட நாள்தான் கணக்கு என்று ஜனவரி 7ஐயே கண்டுபிடித்த தேதியாக வைத்துக்கொண்டார்கள். நம் சங்க மெயிலில் ஒரு கடிதம் மூன்று மாதம் பிரிக்காமல் கிடந்ததற்காகச் செயற்குழுவில் என்னைக் கேள்வி கேட்ட உறுப்பினர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது செய்தி வேதியியல் நோபல். 2005 முதல் ரொசெட்டா அட் ஹோம் வழியாகப் பொதுமக்களின் மெஷின்களைக் கொண்டு புரதங்களின் வடிவத்தைத் தேடிவந்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்து டேவிட் பேக்கருக்குப் பாதிப் பரிசு. மறு பாதி, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும். நம் உறுப்பினர் ஒருவர் 'நோபல் பரிசில் கோவில்பட்டியின் பங்கு' என்று செய்தி தயாரித்து எல்லாக் குழுவுக்கும் அனுப்பிவிட்டார். தயவுசெய்து இந்த மாதிரி செய்யாதீர்கள். பேக்கரின் பரிசு புதுப் புரதங்களை வடிவமைத்ததற்கு. அதில் நம் துண்டு எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு, லட்சம் மெஷின்கள் ராத்திரி பகலாகத் தேடிய புரத வடிவத்தை ஆல்ஃபாஃபோல்டு சீக்கிரமே சொல்லிவிடுகிறது என்பதும் அதே பரிசில் இருக்கிறது. கணக்கு டீச்சர் சொன்னதுதான் பெரிய அளவில் நடந்திருக்கிறது.

அப்படியானால் கடையைச் சாத்திவிடலாமா என்று நவம்பர் கூட்டத்தில் காரசாரமாகப் பேசினோம். என் கருத்து இது. சூத்திரம் இருக்கும் இடத்தில் ஆள் பலம் வீண். சூத்திரம் இல்லாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஐன்ஸ்டீன் அட் ஹோமில் துடிப்பு விண்மீனை, அதாவது சுழன்றபடி சீராகத் துடித்துத் துடித்துச் சிக்னல் அனுப்பும் பல்சரை, தேடும்போது அது எந்த வேகத்தில் சுழல்கிறது, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும். 2010இல் அப்படித்தான் விநாடிக்குச் சுமார் 41 சுற்று சுற்றும் ஒரு விண்மீன் மாட்டியது. அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் மெஷினும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவரின் மெஷினும் அதைக் கண்டன. ஆக்ஸ்ஃபோர்டின் கிளைமேட்பிரெடிக்ஷன் திட்டத்தில் ஒரே பருவநிலை மாதிரியைத் தொடக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஆயிரக்கணக்கில் ஓட்டினால்தான் அதீத வெயிலுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்ல முடியும். ஃபோல்டிங் அட் ஹோம் தேடுவது புரதத்தின் நின்ற கோலத்தை அல்ல, அது நெளிகிற நெளிவை. 2020இல் கொரோனா ஊரடங்கில் உலகமே அதில் சேர்ந்தபோது அதன் கூட்டு வேகம் ஒரு எக்ஸாஃப்ளாப்பை, அதாவது விநாடிக்கு ஒன்றுக்குப் பின்னால் பதினெட்டுச் சுழி போட்ட அளவு கணக்கை, தாண்டியது. அன்றைக்கு எந்த ஒற்றைச் சூப்பர் கம்ப்யூட்டரும் எட்டாத வேகம் அது.

இனி கரண்ட் பில்.

நம் ஆட்கள் எல்லோரும், நானும்தான், 'சும்மா கிடக்கிற நேரத்தைத்தானே கொடுக்கிறோம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஜனவரியில் பிளக்கில் மாட்டும் மீட்டர் ஒன்றை வாங்கி வீடு வீடாகப் போய் அளந்தோம். சும்மா கிடக்கும்போது 45 வாட் இழுத்த பழைய டெஸ்க்டாப், கணக்குப் போடும்போது 100 வாட் இழுத்தது. 100 வாட் என்றால் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். 380 யூனிட் ஓடும் வீட்டில் இந்த மெஷின் இரவும் பகலும் ஓடினால் 524. 500ஐத் தாண்டிவிட்டால், அன்றைய கட்டண முறைப்படி, தாண்டிய 24 யூனிட்டோடு போகாது. முதல் நூறு இலவசம் போக அடுத்த நூறுக்கு இருந்த சலுகை விலையும் கையை விட்டுப் போகும். ஓர் உறுப்பினர் வீட்டில், இ.பி. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய அத்தை என்னிடம் கேட்டார்கள்: "நட்சத்திரத்தைத் தேடுறதுன்னா மொட்டை மாடியில நின்னு தேடக் கூடாதா தம்பி?" அந்த அத்தைக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பில்லைச் சங்கம் கட்டவில்லை, அவர்கள்தான் கட்டினார்கள்.

பல்லிச் சம்பவம் மார்ச்சில். சங்க அறை மெஷினில் ஒரு பருவநிலைத் துண்டு பல நாளாக ஓடி முடியும் தறுவாயில் இருந்தது. சூடு தாங்காது என்று பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்தது நான்தான். ராத்திரி பல்லி ஒன்று வெதுவெதுப்புத் தேடி உள்ளே போயிருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் கருகிய வாடை, மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். போய், போர்டும் போய்விட்டது. புதிது வாங்கி வந்து மாட்டுவதற்குள் துண்டின் கெடு முடிந்து, சர்வர் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. பல்லி எந்தப் பக்கம் விழுந்தால் என்ன பலன் என்று நம் தலைவர் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னதைக் குறிப்பேட்டில் பதியவில்லை.

இவற்றையெல்லாம் வைத்துச் செயற்குழு எடுத்த முடிவுகளை ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன். பழைய டெஸ்க்டாப் மூன்றையும் காயலான் கடைக்குப் போட்டுவிடுவது. வேறு வேலைக்காக எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் மட்டும் கணக்கு ஓட்டுவது. ஏப்ரல், மே, ஜூனில் பகலில் யாரும் ஓட்டக் கூடாது. அரசு கொடுத்த மாணவர் லேப்டாப்புகள் கரண்டைக் குறைவாகவே இழுக்கின்றன, அவற்றை ஓட்டலாம். ஆனால் உப்பிய பேட்டரியைக் கழற்றாமல் ஓட்டினால் உறுப்பினர் உரிமை ரத்து. இது மிரட்டல் இல்லை, இரண்டு லேப்டாப்பின் அடிப்பக்கம் வெடித்துத் திறந்திருந்ததை நானே பார்த்தேன். முடித்த துண்டுகளுக்குக் கிடைக்கும் புள்ளிப் பட்டியலில் நம் குழுவின் இடம் இதனால் இறங்கும். இறங்கட்டும்.

மாதக் கூட்டங்கள் ஒன்று தவிர எல்லாம் நடந்தன. ஐப்பசி மழையில் நடக்காமல் போனது ஒன்று. பிரவுசிங் சென்டர் அண்ணாச்சி மகனோடு சென்னைக்குக் குடிபோகிறார். துணைத் தலைவர் பதவி காலியாகிறது. பெயர் கொடுப்பவர்கள் இன்று மாலைக்குள் கொடுக்கவும். சங்க அறையின் இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை. வைத்திருப்பவர் பெயர் சொல்லாமல் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாலும் போதும்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்