தாத்தா உயரம் கேட்ட பிள்ளைக்கு

கதிர் கண்ணு,

போன் எடுக்க நேரமில்லை போல. பரவாயில்லை. போன மாதம் வாங்கிய நாலாயிரம் எதற்கென்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. மெஸ் சாப்பாட்டோடு ரெண்டு முட்டை சேர்த்துக்கொள். உயரத்துக்கென்று டப்பாவில் வருவது எதுவும் வேண்டாம்.

தாத்தா உயரம் கேட்டாயே, அவரும் உன் அளவுதான், 174 சென்டிமீட்டர். ஃபுட்பாலில் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற சென்டர் பேக்குக்கு அது குறைச்சல்தான்; இல்லையென்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். மூலையிலிருந்து உதைக்கும் கார்னர் வந்தால், நீ ஒட்டி நின்று மார்க் செய்யும் ஆளைத் தேடித்தான் பந்தைப் போடுவார்கள். கோல்கீப்பருக்கு இன்னும் கஷ்டம், 7.32 மீட்டர் அகலத்தையும் 2.44 உயரத்தையும் காத்தாக வேண்டும். நடுக்களத்தில் கணக்கே வேறு. அங்கே பேர் வாங்கிய ஷாவி 170, மோட்ரிச் 172.

கன்னவாரோ சென்டர் பேக்தான், உயரம் 176. 2006 உலகக் கோப்பையில் அவர் கேப்டனாக இருந்த இத்தாலி 7 ஆட்டத்தில் வாங்கியது 2 கோல். ஒன்று தங்கள் ஆளே தவறிப் போட்ட சொந்த கோல், இன்னொன்று பெனால்டி. அந்த வருஷம் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதும் அவருக்கே. அந்த ஆட்டங்களைப் போட்டுப் பார். எவ்வளவு உயரம் குதிக்கிறார் என்பதை விடு, எப்போது குதிக்கிறார் என்று பார்.

உன் வீடியோவில் நீ நின்ற இடத்திலேயே ரெண்டு காலையும் சேர்த்துக் குதிக்கிறாய், அதுவும் எதிர் டீம் ஆள் எழும்பின பிறகு. ரெண்டு மூன்று காலடி தள்ளி நின்று, ஓடி வந்து ஒற்றைக் காலில் எழும்பு. கையை வீசு, முழங்கை அவன் முகத்தில் படக்கூடாது. அவனுக்கு ஒரு கணம் முந்து. பந்து கிடைக்காது என்று தெரிந்தால் குதிக்கவே வேண்டாம். அவனை ஒட்டி நின்று பந்தைத் தலையால் நேராக முட்ட விடாமல் செய், கீழே விழும் பந்துக்குத் தயாராக இரு. வாரம் ரெண்டு நாள், ஐந்து ஐந்து குதிப்பாக நாலு சுற்று, நடுவில் ரெண்டு நிமிஷம் ஓய்வு. அதற்கு மேல் போனால் முழங்கால் தாங்காது.

டப்பா வேண்டாம் கண்ணு. உனக்கு இருபது முடிந்துவிட்டது. எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு மூடியிருக்கும். மூடினபின் பவுடரோ ஊசியோ ஒரு சென்டிமீட்டர்கூட ஏற்றாது. மெஸ்ஸி போட்டுக்கொண்டாரே என்பாய். அவருக்கு ஹார்மோன் குறைபாடு, வளரும் வயதில் டாக்டர் கொடுத்த சிகிச்சை அது. அதே ஊசியை நீ போட்டால் ஊக்கமருந்து, மாட்டினால் வருஷக்கணக்கில் தடை.

பத்தாவதில் அந்த முதல் டப்பாவை வாங்கி வந்தவள் நான். பி.டி. டீச்சராக இருந்துகொண்டு, பள்ளியில் மற்ற பிள்ளைகளிடம் உயரம் பெரிசில்லை என்று சொல்லிவிட்டு, ராத்திரி உனக்குப் பாலில் கலந்து கொடுத்தேன். நீ போதாது என்று உனக்கு முதலில் சொன்னது எந்தக் கோச்சும் இல்லை.

என்ன வாங்கியிருந்தாலும் அதன் லேபிளை போட்டோ எடுத்து அனுப்பு. திட்ட மாட்டேன்.

அம்மா