கிழிபட்ட பதினொரு தாள்கள்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

சென்ற மாதம் நீ கோலாலம்பூரிலிருந்து ரயிலேறி, பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரியில் பினாங்கு வந்து சேர்ந்த அன்று மாலையே, நான் கேட்காமலேயே உன் ஸ்கெட்ச் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாய். படங்கள் நன்றாக இருந்தன. அதை அப்போதே சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தையலை ஒட்டிப் பதினொரு இடங்களில் தாள் கிழிக்கப்பட்ட தடம் இருந்தது. ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் புத்தகத்தை மூடினேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

தைத்துக் கட்டிய புத்தகத்தில் நாம் ஒரு தாள் என்று நினைப்பது உண்மையில் பாதித் தாள்தான். பெரிய தாளை நடுவில் மடித்து, அப்படி மடித்த சிலவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மடிப்பின் வழியே நூல் ஓட்டியிருப்பார்கள். முன்பாதியில் பிடிக்காத ஒரு படத்தை நீ கிழித்தெடுத்தால், அதே மடிப்பின் மறுபாதி, நீ இன்னும் தொடாத வெள்ளைத் தாள், பிடிமானம் இழந்து ஆடத் தொடங்கிவிடும். உன் புத்தகத்தின் கடைசிப் பகுதி ஏன் தானாக உதிர்கிறது என்று கேட்டாயே, அதற்குக் காரணம் இதுதான். கடைக்காரர் தரங்குறைந்த சரக்கை உன் தலையில் கட்டவில்லை.

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பள்ளியில் நமக்குக் கொடுத்தது டிராயிங் பிளாக். அதன் ஓரத்தில் பசை தடவியிருப்பதே தாளை உரித்தெடுத்து ஆசிரியரிடம் கொடுப்பதற்காகத்தான். மதிப்பெண் வாங்கிய தாள் சுவருக்குப் போகும், வாங்காதது குப்பைக்குப் போகும். ஆண்டுக்கணக்கில் அப்படி வரைந்த கைக்கு, நன்றாக வராத படத்தை வைத்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போவது ஏதோ குற்றம்போலத் தோன்றுகிறது. உன்மேல் தவறில்லை. ஆனால் இப்போது உன்னிடம் யாரும் தாள் கேட்கவில்லை, அம்மா.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, லிட்டில் இந்தியாவில் கடைகள் திறக்கும் முன், கடைகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் நடைபாதையான அஞ்சடியில் மடக்கு முக்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே வரிசையாகப் போகும் வளைவுகளை வரைவது என் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். தொடக்கத்தில் ஆறு வாரம் ஒரே இடத்தை வரைந்தேன். ஆறு படத்திலும் தரை மலைச்சரிவு மாதிரி மேலேறிக்கொண்டு வந்தது. தூண்கள் சரியாக இருந்தன, கூரை சரியாக இருந்தது, ஆனாலும் யாரும் அந்தத் தரையில் நடக்க முடியாது. ஏழாவது வாரம் வரையத் தொடங்கும் முன் அந்த ஆறையும் புரட்டிப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, நிற்கும்போது தெரியும் தரையை நினைவிலிருந்து வரைந்துகொண்டிருந்தேன். தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பவருடைய கண்மட்டக் கோடு, அருகில் நிற்பவர் தொலைவில் நிற்பவர் எல்லாருக்கும் ஏறத்தாழ இடுப்பளவில்தான் செல்லும். அதற்கு மேலே உள்ள கோடுகள் எல்லாம் தூரம் போகப்போக அதை நோக்கி இறங்கும். கீழே உள்ளவை ஏறும், ஆனால் அதைத் தாண்டி ஏறாது. முதலில் அந்த ஒரு கோட்டை மெல்லிய பென்சிலால் போட்டுவிட்டு வரைந்தேன், தரை படுத்தது. ஒரே ஒரு தப்பான படம் இருந்திருந்தால் அன்றைக்குக் கை சரியில்லை என்று விட்டிருப்பேன். ஆறும் ஒரே மாதிரி தப்பாக இருந்ததால்தான், தப்பு கையில் இல்லை, பார்வையில் இருக்கிறது என்று தெரிந்தது. ஆகவேதான் உன்னுடைய அந்தப் பதினொன்றையும் நினைத்து வருந்துகிறேன். அவற்றில் என்ன ஒற்றுமை இருந்தது என்று இனி உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வாரத்துக்கு ஒரு புது இடம் தேடிப் போவதையும் கொஞ்ச காலம் நிறுத்திவை. 1930இல் பிறந்து 2010இல் மறைந்த பினாங்கு ஓவியர் டான் சூன் கீ (Tan Choon Ghee), மைக்கோட்டாலும் நீர்வண்ணத்தாலும் இதே ஜார்ஜ் டவுன் தெருக்களையும் கடைவீடுகளையும் மீண்டும் மீண்டும் வரைந்தவர். அவ்வளவு தேர்ந்த கைக்கே இந்தத் தெருக்கள் தீர்ந்துபோகவில்லை. உனக்கு பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையில் ஒரு கோப்பிக் கடை மூலை போதும். மழை வந்தாலும் அஞ்சடிக்குள் உட்கார்ந்து வரையலாம்.

தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் புத்தகம் ஒன்றை, கை தேறிய பிறகு தொடலாம் என்று அலமாரியில் வைத்திருப்பதாகச் சொன்னாய். நம் ஊர் ஈரப்பதத்தில் அது உனக்காகக் காத்திருக்காது. தாளுக்குள் ஊறவைத்திருக்கும் பசை கெட்டுப்போனால், வண்ணம் மேலே நிற்காமல் திட்டுத்திட்டாக உள்ளே இறங்கிவிடும். பூஞ்சை பிடித்தால் பழுப்புப் புள்ளிகள் விழும். என்னிடம் அப்படி வீணான புத்தகங்கள் இரண்டு இருக்கின்றன. உடனே எடுத்து வரை. மிச்சத்தைப் பிஸ்கட் டின்னில், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்து மூடு. நீர்வண்ணம் பூசுவதாக இருந்தால் நீரில் கரையாத மைப் பேனாவாகப் பார்த்து வாங்கு; மழைக்காலத்தில் தாள் காயத் தாமதமாகும், காயும் முன் புத்தகத்தை மூடிவிடாதே.

வாரம் ஒரு பக்கம், இருபது நிமிடம். ஓரத்தில் தேதி, மணி, நீ உட்கார்ந்திருந்த இடம். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் இரண்டாக வரைந்து ஈடுகட்ட வேண்டாம். அப்படி ஈடுகட்டப் போய்த்தான் நீ போன ஆண்டு மார்ச்சில் மொத்தமாக நிறுத்தினாய். பிடிக்காத பக்கத்தின் மேல் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு போட்டுக்கொள், மனம் ஆறும் என்றால். பக்கம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

தீபாவளிக்கு வரும்போது அந்தப் பழைய புத்தகத்தையும் எடுத்து வா. ஆடும் தாள்களுக்கு மெல்லிய தாள்பட்டை ஒட்டி, அந்தப் பட்டையோடு சேர்த்துத் தையலில் பிடித்துவிடலாம். ஊசியும் மெழுகு நூலும் என்னிடம் இருக்கின்றன. ஒரு மாலைப் பொழுது பிடிக்கும் வேலைதான்.

அன்புடன்,
அக்கா
பினாங்கு