ஐந்து வாரக் கல்யாணம், ஆறு வாரக் கர்ப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகனுக்குக் கல்யாணமாகிச் சரியாக 35ஆம் நாள் மருமகளைப் பக்கத்து கிளினிக்குக் கூட்டிப் போனேன். நாள் தள்ளிப் போயிருந்தது. டாக்டர் ஸ்கேன் பார்த்தார், கார்டில் ‘6 வாரம் 3 நாள்’ என்று எழுதிக் கொடுத்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். காரில் ஏறி உட்கார்ந்ததும் என் விரல் தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது. கல்யாணமாகி ஐந்து வாரம், வயிற்றில் ஆறு வாரமா?

நான் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் ஜெலுத்தோங் வந்து சேரும்வரை நான் பேசாமல் வந்ததிலேயே அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இதற்கு நடுவில் சுங்கைப் பட்டாணியிலிருந்து என் நாத்தனார் போன் பண்ணி, “என்ன அண்ணி, கணக்கு இடிக்குதே” என்றாள். அவளிடம் வாரக் கணக்கை உளறியதும் நான்தான்.

அடுத்த வாரம் அரசாங்க கிளினிக்கில் ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், நம்ம தமிழ்ப் பெண்தான், என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். “அம்மா, உலை வைத்த நேரத்திலிருந்து எண்ணுகிறோம், அரிசி போட்டது அப்புறம்தான்” என்றாள். கரு எந்த நாளில் உண்டானது என்று யாருக்கும் கண்ணால் தெரியாது, கடைசி மாதவிலக்கு வந்த நாள்தான் தெரியும், அதனால் உலகம் முழுக்க அந்த நாளிலிருந்துதான் கணக்காம். 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கு முட்டை வெளியே வருவதே 14ஆம் நாள் வாக்கில். ஆக முதல் இரண்டு வாரம் கார்டில் இருக்கும், வயிற்றில் எதுவும் இருக்காது!

அதற்கு அப்புறம் நடப்பதைக் கேட்டு எனக்கு வாயடைத்துப் போயிற்று, இரண்டு பிள்ளை பெற்றவள் நான். முட்டைக்கு ஆயுசு ஒரு நாள்தான். கருக்குழாயில் ஆணின் உயிரணுவோடு சேர்ந்ததும் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, உருண்டுகொண்டே கருப்பைக்கு வந்து சேர்கிறது. ஐந்தாறு நாளில் அது ரவைத் துகளை விடச் சின்ன உருண்டை. கருப்பைச் சுவரில் அது போய்ப் பதிவது பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து நாளில். பதிந்த பிறகுதான் எச்சிஜி என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. நான் வந்துவிட்டேன், இந்த மாதம் சுவரை உதிர்க்காதே என்று தாய்க்குச் சொல்வது அதுதான். சினைப்பை அதைக் கேட்டு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனை நிறுத்தாமல் சுரக்கிறது, மாதவிலக்கு வராமல் நின்றுவிடுகிறது.

எச்சிஜி ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகுமாம். மருமகள் நாள் தள்ளுவதற்கு முன்பே அவசரப்பட்டு ஃபார்மசியில் டெஸ்ட் வாங்கிப் பார்த்து, ஒரே கோடு என்று அழுதிருக்கிறாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு கோடு. அந்த நாட்களில் மத்தியானம் ஆனால் சோபாவிலேயே தூங்கிவிடுவாள். புது மருமகள் இவ்வளவு சோம்பேறியா என்று மனசுக்குள் நினைத்திருக்கிறேன். அது புரோஜெஸ்டிரோன் செய்கிற வேலையாம். சிலருக்குக் கரு பதியும் சமயத்தில் லேசாக ரத்தம் படும், அதை மாதவிலக்கு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னொரு பக்கம் தப்பும். ஆனால் ரத்தத்தோடு ஒரு பக்கமாக வயிறு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது, கரு குழாயிலேயே தங்கியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எனக்கு ஆறாத இன்னொன்று, ஃபோலிக் ஆசிட். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய் கார்டு கணக்கில் ஆறாவது வாரத்திலேயே மூடிவிடுகிறது. நாங்கள் கிளினிக் வாசலை மிதித்தபோது அந்த வேலை முடிந்தே போயிற்று. அந்தக் குழாய் சரியாக மூட உதவுகிற இந்த மாத்திரையைக் கருத்தரிக்க ஒரு மாதத்துக்கு முன்பே, தினம் 400 மைக்ரோகிராம், ஆரம்பிக்க வேண்டுமாம். பூ, புடவை, மண்டபம் எல்லாவற்றுக்கும் லிஸ்ட் போட்டோம், இதை யாரும் சொல்லவில்லை. உங்கள் ஞாயிறு பதிப்பில் மகளிர் பக்கத்தில் இதைக் கொஞ்சம் போடுங்கள். கார்டில் வாரத்தை எழுதுகிற டாக்டர்களும் எங்கிருந்து எண்ணுகிறோம் என்று ஒரு வரி சொல்லிவிடலாம், அரை நிமிஷம் ஆகாது.

இத்தனைக்கும் நம் பாட்டிமார் பேச்சிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்றுதானே சொல்வார்கள், மாதவிலக்கு வந்து தலைமுழுகுவதை வைத்துத்தானே அந்தப் பேச்சு? பத்து மாதம் என்பதும் அப்படித்தான், 28 நாளாகப் பத்து முறை எண்ணினால் டாக்டர் சொல்கிற 280 நாள் வந்துவிடும்.

முகூர்த்தம் குறிக்கும்போது மருமகளின் தேதியைக் கேட்டு வைத்ததே நான்தான். கல்யாணத்துக்குப் பத்து நாள் முந்தி, “வந்துவிட்டது சம்பந்தி, இனி கவலையில்லை” என்று அவள் அம்மா போன் பண்ணினார், நான் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டேன். மிஸ்ஸியிடமிருந்து வந்த அன்று ராத்திரி அந்த வட்டத்திலிருந்து முதலில் கிளினிக் போன நாள்வரை எண்ணினேன். 45 நாள். ஆறு வாரம் மூன்று நாள்.

இப்படிக்கு,
ஒரு மாமியார்,
ஜெலுத்தோங், பினாங்கு