கார்க் கதவை இரண்டு கையாலும் பிடி

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். ஒஸ்லோவில் இந்த முறை பனி போதும் போதும் என்கிற அளவுக்குக் கொட்டிவிட்டது. தம்பியின் சின்னவனுக்குப் பல் முளைத்திருக்கிறது, கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். இவைதான் இங்கே செய்தி.

உன் குறுஞ்செய்தி கிடைத்தது. "பெப்ரவரியில் நோர்ட்காப் போகிறேன். தனியாக. யோசிக்க வேண்டாம்." பொங்கலுக்கு வரவில்லை. போன் எடுத்தால் வேலை என்கிறாய். கடைசியில் மூன்று வரி. 'தனியாக' என்ற சொல்லை அம்மா என்னிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு குசினிக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பானையை மறுபடியும் கழுவினாள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல். நான் எழுதுவது நோர்வேயின் வடக்கு முனைக்குப் போகும் அந்தப் பாதையைப் பற்றி மட்டும்.

ஒல்டர்ஃபியோர்டில் பிரியும் ஈ69 பாதை நோர்ட்காப் முனை வரை 129 கிலோமீட்டர். வழியில் எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதே, புறப்படும்போதே நிரப்பிக்கொள். கடலுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை நாங்கள் அங்கே இருந்த காலத்தில் இல்லை. 1999இல்தான் திறந்தார்கள். ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கடல்மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே இறங்கி ஏறும். உள்ளே உறையாமல் இருக்க, குளிர்காலத்தில் வாயிலில் கதவு போட்டிருப்பார்கள். கார் நெருங்கினால் தானே திறக்கும். மூடியிருக்கிறதே என்று பயந்து சட்டென்று பிரேக் பிடித்துவிடாதே. அந்த இறக்கத்தில் வழுக்கும். வழுக்கல் பயிற்சியில் முதல் தடவையே தேறியவள் நீ, தம்பி மூன்று தடவை போனான் என்பதை நான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன்.

ஸ்கார்ஸ்வோக் சந்தியில் தடுப்பு இருக்கும். அங்கிருந்து கடைசி 13 கிலோமீட்டர் குளிர்காலத்தில் நம் விருப்பத்துக்கு ஓட்ட முடியாது. குறித்த நேரத்துக்குப் பனி அகற்றும் வண்டி முன்னே போகும், மற்ற வாகனங்கள் வரிசையாக அதன் பின்னால் போக வேண்டும். நேரத்தை முதலே பார்த்துக்கொள். முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு தெரியும் தூரத்திலேயே போ. ஒன்றும் தெரியாமல் போனால் நில், காரை விட்டு இறங்காதே. காற்று கூடினால் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் திரும்பி வா, வாக்குவாதம் செய்யாதே.

காற்றைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். முனை இருக்கும் மாகெரோயாத் தீவில் காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. முனையில் காரை நிறுத்தும்போது முன்பக்கம் காற்றைப் பார்த்திருக்க வேண்டும். கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திற. காற்று திசை மாறிப் பின்னாலிருந்து அடித்தால், ஒரு கையால் திறந்த கதவைப் பிடுங்கி முன்பக்கம் மடித்துவிடும். என்னோடு மீன் வெட்டிய ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. பிணைச்சல் திரும்பி, கதவு மூட முடியாமல், கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இரண்டு கையாலும், மகள்.

நாங்கள் சக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். இலங்கையின் வடகோடியில் பிறந்தவன் நோர்வேயின் வடகோடியில் வந்து கொட் மீனுக்கு முள் எடுத்தேன். மார்கழியில் உங்கள் முற்றத்துக்கு வரும் வாடை இங்கிருந்துதான் புறப்படுகிறது என்று அப்பம்மாவுக்கு ஒருமுறை எழுதினேன். அப்படியென்றால் இனிமேல் போர்த்திக்கொள்ள மாட்டேன் என்று பதில் எழுதியிருந்தா.

நாங்கள் இருந்த ஹொன்னிங்ஸ்வோக்கில் நேரம் இருந்தால் தேவாலயத்தைப் பார். 1944இல் ஜெர்மன் படை பின்வாங்கும்போது ஊர் முழுவதையும் எரித்தது. மிஞ்சிய கட்டடம் அது ஒன்றுதான். திரும்பி வந்த சனங்கள் முதலில் அதற்குள்தான் குடியிருந்தார்கள். வேலைத்தலத்தில் ஒரு கிழவி இதைச் சொன்னபோது, எங்கள் ஊர்க் கதையை எனக்கே சொல்கிறாவே என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

முனையில் பாறை 307 மீட்டர் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. வேலிக்கு அப்பால் போகாதே. வேலியில் நின்று மேற்கே பார்த்தால் ஒரு தட்டையான பாறைநாக்கு கடலுக்குள் நீண்டிருக்கும். க்னிவ்ஷெல்லொடன். நோர்ட்காப்பை விடக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதலாக வடக்கே போவது அதுதான். வடகோடி என்ற பெயர் மட்டும் உயரமாக நிற்கிற இதற்குக் கிடைத்துவிட்டது. கோடையில் ஒன்பது கிலோமீட்டர் நடந்து அங்கே போவார்கள், திரும்ப இன்னும் ஒன்பது. பெப்ரவரியில் நீ போகக் கூடாது. உன் குணம் எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். போகக் கூடாது.

1907இல் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, அரசர் சூலலங்கோர்ன் நோர்ட்காப்புக்கு வந்து போயிருக்கிறார். அவர் நினைவாக மண்டபத்துக்குள் ஒரு சின்னக் காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அவருடைய நாட்டில்தான் நம் சித்தப்பா பதினொரு மாதம் அறைக்குள் இருந்தார். அந்த வருடத்தை நீ மறந்திருக்க மாட்டாய்.

அந்த வருடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று மூன்று நாளாக இந்தத் தாளோடு இருக்கிறேன்.

1996, ஜூலை. உனக்கு ஏழு வயது. முனையில் வைத்திருக்கும் இரும்புக் கோளத்துக்குக் கீழே நான் நிற்கும் படம் அலுமாரியில் இருந்தது. ஆலையிலிருந்து எல்லோருமாக நள்ளிரவுச் சூரியன் பார்க்கப் போனபோது எடுத்தது. நானும் அங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாய். வீட்டிலிருந்து முப்பத்து நான்கு கிலோமீட்டர்தான். வருகிற ஞாயிறு என்று வாக்குக் கொடுத்தேன். அன்று காலையில் சிவப்பு ஜாக்கெட்டை நீயே போட்டு, பாணைத் தாளில் சுற்றி வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். நான் வெளியே வந்து, "அங்கே காற்று பலமாம் பிள்ளை, பாதையை மூடிவிட்டார்கள்" என்றேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. கொடியைப் பார்த்தாய். அம்மா காயப் போட்டிருந்த படுக்கை விரிப்பு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. நுனி கூட அசையவில்லை. பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாய். ஒன்றும் கேட்காமல் சப்பாத்தைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாய்.

பாதை திறந்துதான் இருந்தது. முனைக்குள் போக எடுக்கும் டிக்கெட்டுக்கு வேண்டிய காசும் என் சட்டைப் பையிலேயே இருந்தது. திங்கட்கிழமை அதைச் சித்தப்பாவை வெளிநாட்டுக்கு எடுக்கும் ஏஜென்சிக்குக் கட்ட வேண்டும். காசு இல்லை, பிறகு போவோம் என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம். நீ விளங்கிக்கொண்டிருப்பாய். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வருடம் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டோம். நீ பிறகு என்னிடம் எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. நல்ல பிள்ளை, தொந்தரவு செய்யாத பிள்ளை என்று ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் திருமணப் பேச்சின்போது கூட, உனக்குச் சம்மதமா என்று நான் ஒரே தடவைதான் கேட்டேன். நீ தலையாட்டினாய். உன் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. காற்று, டயர், பெட்ரோல் பற்றி எழுதியிருக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். கம்பளி உள்ளுடுப்பு இரண்டு தபாலில் அனுப்பியிருக்கிறாள். இரண்டையும் கொண்டுபோ.

ஸ்கார்ஸ்வோக் தடுப்பில் நிற்கும்போது ஒரு சொல் அனுப்பு. மூடியிருந்தால் 'மூடி', திறந்திருந்தால் 'திறந்து'. எந்த நேரமென்றாலும் நான் போனைக் கையில் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு: கோளத்துக்குக் கீழே நின்று ஒரு படம் எடுத்துக்கொள். எடுத்துத் தர ஆள் இல்லையே என்று விட்டுவிடாதே. வரிசையில் வந்த எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், கேட்டால் யாராவது எடுத்துத் தருவார்கள்.